காணிக்கைப் பையில் வந்த சீட்டு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் காணிக்கை எண்ண நாலு பேர் உட்காருவோம். நான் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவள் என்பதால், "நம்ம அக்கா இருக்காங்களே" என்று அந்த வேலையும் என் தலையில் வந்து விழுந்தது. அதற்கு முன்பே பாட்டு நடத்துகிற வேலை வந்துவிட்டிருந்தது. அதனால் காலையில் மைக், பதினோரு மணிக்கு மேல் சில்லறை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு. வெல்வெட் பையைக் கவிழ்த்துக் கொட்டி, பத்து, இருபது, ஐம்பது என்று பிரித்துக்கொண்டிருந்தேன். எட்டாக மடித்த ஒரு இருபது ரூபாய் நோட்டு. பிரித்தால் உள்ளே கோடு போட்ட நோட்டுத் தாள், அதுவும் எட்டாக மடித்தது. பால்பாயிண்ட் பேனாவில் நல்ல உருண்டையான எழுத்து:

"பாட்டு நடத்தற அம்மா பாடறத விட பேசறது ஜாஸ்தி. நாங்க பாட வந்தோம்."

பேர் இல்லை. எதிரில் உட்கார்ந்து சில்லறை எண்ணிக்கொண்டிருந்தவர், "என்னங்க அது?" என்றார். "ஜெபக் குறிப்புங்க" என்றேன். கர்த்தருடைய ஆலயத்தில், காணிக்கை மேஜையில் உட்கார்ந்துகொண்டு பச்சைப் பொய். சீட்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு, அந்த இருபது ரூபாயை இருபது ரூபாய்க் கட்டில் வைத்தேன். காசு கொடுத்துத் திட்டியிருக்கிறார்களே என்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு ஸ்கூட்டி ஓட்டினேன்.

சமைக்கவில்லை. வீட்டுக்காரர் சாப்பாடு வாங்கி வந்தார். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, "சரி, எத்தனை நிமிஷம் பேசற?" என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கேள்வி என் தொழிலைத் தொட்டுவிட்டது. யாரோ செல்போனில் பதிவு செய்து சபை வாட்ஸாப் குழுவில் போட்டிருந்த ஆராதனையைத் திறந்து, வாட்சைப் பார்த்துக் குறித்தேன். பாட்டு நேரம் மொத்தம் 22 நிமிஷம். அதில் நான் பேசியது 9. "எல்லாரும் கைகளை உயர்த்தி", "இன்னும் கொஞ்சம் சத்தமா", "சோர்ந்து போய் வந்திருக்கலாம், ஆனா", அப்புறம் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து ஏதாவது சொல்லச் சொல்வது. ஒரு பாட்டின் சரணத்துக்கும் பல்லவிக்கும் நடுவில் நான் சின்னதாக ஒரு பிரசங்கமே வைத்திருந்தேன். அதே பாட்டில் ஜனங்கள் பாடிய நேரம் என் பேச்சைவிடக் குறைவு.

அந்த ஒரு பாட்டிலாவது கணக்கு சீட்டின் பக்கம்தான் நின்றது. எனக்கு அது பிடிக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

அன்றைக்கு ஒரு நீள நோட்டு வாங்கினேன், பேரேடு மாதிரி. ஞாயிற்றுக்கிழமை கேட்ட குறையை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதுவது. என் விளக்கம் ஒரு வரிகூட அதில் வரக்கூடாது. நேரில் வந்ததா, இன்னொருவர் வாய் வழியாக வந்ததா என்று ஒரு கட்டம். செவ்வாய்க்கிழமை வரைக்கும் பதில் எதுவும் இல்லை என்று எனக்கு நானே போட்ட சட்டம். ஏன் செவ்வாய் என்றால் பெரிய காரணமெல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை அழுகை வரும், திங்கட்கிழமை கோபம் வரும், செவ்வாய்க்கிழமை ஜிஎஸ்டி வேலை வந்துவிடும்.

பாராட்டை எழுதுவதில்லை. "இன்னிக்கு ரொம்ப அபிஷேகமா இருந்துச்சு சிஸ்டர்" என்பது வாரா வாரம் அதே பேர், அதே வார்த்தை. நான் தொண்டை கட்டிப்போய்க் காக்கா மாதிரி கத்திய வாரத்திலும் அபிஷேகமாகத்தான் இருந்தது.

முதல் ஆறு மாசத்தில் நோட்டில் அதிகம் விழுந்த வார்த்தை "சத்தம்". இதில் நான் மட்டும் விதிவிலக்கில்லை. பாட்டுக் குழுவினர் மேல் வந்த பழைய புகார்களில் ஒன்று ஆண்டவரே சொன்னது. பைபிளில் ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்கிறார். அவர் சொன்ன காரணம் வேறு, நியாயம் ஓடாத ஊரில் பாட்டு எதற்கு என்பது. ஆனால் வசனத்தின் அந்தப் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் உண்டு.

எங்களைக் குழப்பியவர் கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பெரியம்மா. ஒரு வாரம் "சத்தம் தாங்கல கண்ணு" என்பார். அடுத்த வாரம் "ஒண்ணுமே கேக்கல" என்பார். ஒரு தடவை இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். பயிற்சியில் இதைச் சொல்லிப் பசங்களோடு சேர்ந்து நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு என் அம்மாவைக் காது டாக்டரிடம் கூட்டிப் போகவேண்டி வந்தது. அவர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இடது பக்கம் கோடு ஓரளவு நேராக இருந்தது, வலது பக்கம் போகப் போக ஏற்காடு மலைப்பாதை மாதிரி கீழே இறங்கியது. வயசானால் முதலில் போவது உச்ச ஸ்தாயி ஒலிகளாம். கீழே இருக்கிற ஒலி கேட்கும். நம் பாஷையில் சொன்னால், அ ஆ இ ஈ கிட்டத்தட்ட நன்றாகவே வந்துவிடும், ச, த, ட மாதிரி மெய்யெழுத்துகள் மங்கிப்போகும். சொல்லுக்கு எலும்பே அதுதான். அது போனால் மிச்சம் இருப்பது ஊளை. அதன்மேல் நாங்கள் மைக்கில் எக்கோவை ஏற்றி, கீபோர்டில் ஸ்ட்ரிங்ஸை விரித்து, கிக் டிரம்மை நெஞ்சில் இடிக்கிற மாதிரி வைத்தால்? பெரியம்மாவுக்குச் சத்தமும் தாங்காது, ஒன்றும் கேட்கவும் கேட்காது. ஒரே மூச்சில் சொன்னது சரிதான். எக்கோவை முழுசாக எடுத்தோம், கீபோர்டைப் பாதியாகக் குறைத்தோம். சத்தம் என்ற புகார் நின்றது என்று சொல்லமாட்டேன். பெரியம்மா வாயசைப்பதைப் பார்த்தேன்.

இப்போது நான் சொல்லத் தயங்குகிற விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சபையில் ஒரு பெரியவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு சூரமங்கலம். ஒரு காலத்தில் பாடகர் குழுவில் மிருதங்கம் வாசித்தவர் என்று எனக்குத் தெரியாது, யாரும் சொன்னதில்லை. ஒரு ஞாயிறு பழைய கீர்த்தனை ஒன்றை இளைஞர்களுக்குப் பிடிக்கட்டும் என்று கீபோர்டு ஸ்டைலோடு, அதாவது கீபோர்டே தானாகப் போடுகிற தாளத்தோடு, செய்தோம். நல்ல வேகம், நல்ல பீட். முன்வரிசைப் பசங்கள் கைதட்டினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர்கள் மட்டும் ஒவ்வொரு அடியிலும் எங்களுக்கு முன்னாலேயே அடுத்த அடிக்குப் போய்விட்டார்கள். சரணத்துக்கு வருவதற்குள் சபையில் இரண்டு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் மைக்கில் சத்தத்தைக் கூட்டி அவர்களை இழுத்துப் பிடித்தேன்.

வாசலில் பத்துப் பேர் நிற்கையில் அந்தப் பெரியவர் சொன்னார்: "பாட்ட நொண்ட வச்சிட்டீங்களேம்மா."

அவ்வளவுதான். கத்தவில்லை. ஆனால் கேட்டவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் நான் வீட்டுக்குக் கொண்டு போனேன்.

அடுத்த ஞாயிறு பாட்டு முடிந்து கண்ணை மூடி ஜெபித்தேன். "ஆண்டவரே, குறை காண்கிற இருதயங்களை உடைத்தருளும். உம்முடைய பிள்ளைகளின் ஊழியத்தைத் தடை செய்கிற ஆவிகளை விலக்கும்." பாட்டு நடத்துகிறவர்கள் இதைப் படித்தால் உங்களுக்குத் தெரியும், இது என்ன வகை ஜெபம் என்று. ஆண்டவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி பேசி, ஆறாவது பெஞ்சைக் குறிபார்த்து அடிப்பது. எதிராளி எழுந்து பதில் சொல்லவும் முடியாது. சபை முழுக்க "ஆமென்" என்றது.

அதற்கடுத்த வாரத்திலிருந்து அவர் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து, வெளி ஸ்பீக்கரில் பிரசங்கம் கேட்டுவிட்டுப் போய்விடுவார். நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்தேன். ஏறக்குறைய இரண்டு மாசம்.

அந்தச் செவ்வாய் சட்டமெல்லாம் அப்போது எங்கே போனது என்று கேட்கலாம். நோட்டில் எழுதினேன், ஆறப்போட்டேன், ஆறவில்லை. அவ்வளவுதான்.

என்னை அசைத்தது பக்தி இல்லை, நோட்டுதான். வருஷக் கடைசியில் பக்கங்களைப் புரட்டும்போது "நொண்டுது" என்ற வார்த்தை மூன்று இடத்தில் இருந்தது. மூன்றும் வேறு வேறு ஆள், ஒருவருக்கொருவர் அதிகம் பழக்கம் இல்லாதவர்கள், மூன்றும் பழைய கீர்த்தனை பாடிய வாரம். ஒரே பிழை மூன்று ரசீதில் வந்தால் அது எழுத்துப்பிழை இல்லை என்று ஆபீஸில் ஜூனியர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். சத்தம் அதிகமென்றால் யாரும் நொண்டுகிறது என்று சொல்வதில்லை. குரல் சரியில்லை என்றாலும் சொல்வதில்லை. நொண்டுவது நடை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சூரமங்கலம் போனேன்.

"ஸ்தோத்திரம்ங்க ஐயா" என்றேன். "வா கண்ணு, உக்காரு" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. நான் மன்னிப்பிலிருந்து ஆரம்பிக்கவில்லை, தைரியம் வரவில்லை. "பாட்டு நொண்டுதுன்னு சொன்னீங்களே, எந்த இடத்துலங்க ஐயா?" என்றேன்.

அவர் முகம் மாறியது. எழுந்து போய் அலமாரியிலிருந்து அட்டை கிழிந்த கீர்த்தனைப் புத்தகத்தை எடுத்து வந்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். பாட்டுக்கு மேலே பொடி எழுத்தில் ராகத்தின் பேர், பக்கத்தில் "சாபு தாளம்". கீர்த்தனை என்பதே அப்படி வந்ததுதான். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) மாதிரி ஆட்கள் கர்நாடக சங்கீதத்தின் பல்லவி, சரணம், ராகம், தாளம் எல்லாவற்றோடும்தான் பாட்டைக் கட்டினார்கள். சேலத்தில் லண்டன் மிஷன் 1827-ல் வந்தது. இங்கே பிறகு எத்தனையோ தலைமுறை அந்த மாதிரிப் பாட்டை வாத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தாளத்தோடுதான் மனப்பாடம் செய்தது. நாங்கள் பாட்டை ப்ரொஜெக்டருக்கு மாற்றும்போது ஸ்லைடில் இடம் பத்தவில்லை என்று அந்த ஒரு வரியை வெட்டியிருந்தோம். வெட்டியது நான்தான்.

நாற்காலிக் கைப்பிடியில் விரலால் தட்டினார். த கி ட, த க தி மி. மூணும் நாலும் ஏழு. "உங்க பொட்டிக்கு எட்டுதான் தெரியும். ஒவ்வொரு சுத்துக்கும் ஒண்ணு சேத்து எட்டாக்கிப்புட்டீங்க. நாங்க ஏழுல அடுத்த அடிக்கு வந்துர்றோம், நீங்க எட்டுல வர்றீங்க." அப்போதுதான் புரிந்தது. பெரியவர்கள் ஓடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் நாங்கள் ஒரு எண்ணிக்கை பின்னால் தங்கிப்போனோம், அது சேர்ந்து சேர்ந்து சரணத்தில் பெரிய கடனாகிவிட்டது. நான் மைக்கில் இழுத்துப் பிடித்தது, சரியாக நடந்துகொண்டிருந்தவர்களை.

என்னையும் தட்டச் சொன்னார். கைப்பை மேல் தட்டினேன். நாலு தடவையும் எட்டில் போய் நின்றது. உள்ளேயிருந்து காப்பி கொண்டு வந்த அவர் வீட்டம்மா, "உடுங்க, அந்தப் பிள்ளைய. இவரு ராத்திரி தூக்கத்துலயும் தட்டுவாரு கண்ணு" என்றார்.

காப்பி பாதி குடித்தபின் சொன்னேன், அன்றைக்கு ஜெபத்தில் நான் சொன்னது தப்பு என்று. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நானும் ஆமென் போட்டேன் கண்ணு. வீட்டுக்கு வந்து சட்டையக் கழட்டறப்பத்தான் தெரிஞ்சுது, அது எனக்குன்னு."

இதற்கு என்ன பதில் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அழுதேன் என்பது தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவர் "சரி, சரி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு உள்ளே வந்து உட்கார்ந்தார், பழைய ஆறாவது பெஞ்சில் இல்லை, தூண் மறைவில்.

நம் ஊரில் குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். பாட்டுக்காரர்களுக்கு இந்தப் பழமொழி ரொம்பச் சௌகரியம். "அவருக்குச் சுருதி தெரியுமா, தாளம் தெரியுமா, அவரு என்ன சொல்றது" என்று தள்ளிவிடலாம். அவர் கையில் மோதிரம் இருந்தது எனக்குத்தான் தெரியவில்லை. அது போகட்டும். நோட்டில் இருக்கிற நல்ல குறைகளில் பாதி, பாடவே தெரியாதவர்கள் சொன்னவை. சபைப் பாட்டு அவர்களுக்காகத்தான். கச்சேரியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பாட்டு எட்டவில்லை என்றால் அவர் காதை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆராதனையில் எட்டவில்லை என்றால் ஸ்கேலை நான்தான் இறக்கவேண்டும். காலை எட்டரை மணிக்கு ஆண்களின் குரல் இன்னும் படுக்கையிலேயே இருக்கும், நான் எனக்குத் தோதான ஸ்கேலில் எடுத்தால் அவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். "ஆம்பளைங்க யாரும் பாடறதில்ல" என்று அவர்களையே மைக்கில் குறை சொல்லியிருக்கிறேன், கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தடவை அமுக்கியிருந்தால் போதும்.

எல்லாக் குறையும் இப்படிப் பிரித்தால் உள்ளே ஒரு பரிசு இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். சேலையின் நிறத்தைப் பற்றி எனக்கு வருகிற போனுக்குள் சேலையின் நிறம்தான் இருக்கிறது. முக்காடு நழுவியதை எண்ணிக்கொண்டிருந்தவருக்கு நான் ஒரு பின் குத்திக்கொண்டேன், பேச்சு முடிந்தது. தாவீது ராஜா உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் ஆடியபோது ஜன்னலில் நின்று பார்த்த அவன் மனைவி, சவுல் ராஜாவின் மகள் மீகாளுக்கு அவன் மேல் இருந்தது ஆட்டத்தைப் பற்றிய அபிப்பிராயம் மட்டும் இல்லை. அந்தக் குடும்பக் கதையைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

பிரிக்க ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: "எந்தப் பாட்டுலங்க?" மனசில் விஷயம் இருப்பவர் உடனே சொல்வார், ரெண்டாவது பாட்டு, மூணாவது சரணம் என்று. மனசில் நான் மட்டும் இருந்தால் "எல்லாமேதான்" என்பார். இது பெரும்பாலும் சரியாக வருகிறது. ஒரு தடவை படுதோல்வி. "எல்லாப் பாட்டும்தான்" என்ற ஒருவரை விரோதி என்று நோட்டில் ஓரம் கட்டினேன். அவர் மனைவி முன்பு எங்கள் பாடகர் குழுவில் ஆல்டோ பாடியவர், இறந்து எட்டு மாசம் ஆகியிருந்தது. அவருக்கு எல்லாப் பாட்டும்தான்.

குழுவுக்குள்ளிருந்து வரும் குறைதான் தாமதமாக வருகிறது, பிள்ளைகள் சொல்லப் பயப்படுகிறார்கள். போன ஆகஸ்டில் ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம் வைத்தோம். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிப்பதற்குள் இரண்டு பேர் வாந்தி. மேலே போனால் எதிரில் நிற்பவர் முகம் தெரியாத மூடுபனி. அந்தப் பனியில் டீ குடித்துக்கொண்டு நிற்கும்போது ரிதம் பேட் வாசிக்கும் பையன் சொன்னான்: "அக்கா, நீங்க பாட்ட எப்ப நிறுத்தப் போறீங்கன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது. திரும்பிப் பாக்கவே மாட்டீங்க. நாங்க உங்க முதுகப் பாத்து வாசிக்கிறோம்." முகம் தெரியவில்லை என்பதால்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். இப்போது பல்லவிக்குத் திரும்ப வேண்டுமென்றால் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு விரல் காட்டுகிறேன், முடிக்க வேண்டுமென்றால் முஷ்டி. அதே பையன்தான் மூன்று சனிக்கிழமை அந்தப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஏழு பழகினான். ஸ்டைலை நிறுத்திவிட்டுக் கையால் வாசிக்கிறான். நடுவில் எட்டுக்கு நழுவினால் தூண் மறைவிலிருந்து ஒரு தட்டல் கேட்கும்.

முதல் சீட்டை எழுதியது யார் என்று இதுவரை தெரியாது. ஆரம்பத்தில் ஜெபக் குறிப்புப் பெட்டியில் வரும் சீட்டுகளின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன், இதையும் ஒத்துக்கொண்டுவிடுகிறேன். உருண்டை எழுத்து எங்கள் சபையில் பதினைந்து பேருக்காவது இருக்கிறது. சீட்டு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

போன வாரம் பையைக் கவிழ்த்தபோது பத்து ரூபாய் நோட்டுக்கு நடுவில் மறுபடி ஒரு மடித்த தாள். வயிற்றில் அதே பழைய இடி. மூன்று வருஷ நோட்டும் செவ்வாய்க்கிழமையும் எங்கே போனதோ. அறுபத்தி நாலாவது நோட்டில் இருந்தேன், கையை நிறுத்திவிட்டுப் பிரித்தேன். கண் ஆபரேஷன், வியாழக்கிழமை, ஜெபித்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தது. எடுத்துக்கொண்டுபோய் ஆயரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அறுபத்தி நாலா, அறுபத்தி அஞ்சா என்று மறந்துவிட்டது. கட்டைக் கலைத்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தேன்.